உன் பெயர் பட்டியலில் இல்லை

குடியாத்தம்
28.12.2025

அன்புள்ள மணி,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவள் பிளஸ் டூ, வீடே பரீட்சை எழுதுகிறது. பாய் சைக்கிள் கடையை மகனிடம் விட்டுவிட்டார், ஆனாலும் காலையில் வந்து அதே ஸ்டூலில்தான் உட்காருகிறார். மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இதை எழுதியே ஆக வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகச் சரிபார்த்து, 19ஆம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானதல்லவா, நம் பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். நீக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பெயருக்கு நேரே காரணம் போட்டிருக்கிறது. உங்கள் அப்பா பெயருக்கு நேரே ‘இறப்பு’. அது சரி. அடுத்த வரியில் நீ, ‘குடிபெயர்ந்தவர்’. இரண்டு பெயரையும் அப்படி ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. வாக்குச்சாவடி அலுவலராக (பிஎல்ஓ) வருகிற அக்காவைக் கேட்டேன். பூட்டிய வீட்டுக்கு நடையாய் நடந்து, உன் நம்பரை வாங்கிப் போனும் பண்ணினாராம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றாயாம். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர் போயிருக்கிறது. செத்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பிழைப்புக்காகப் பாதிப் பேர் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிற ஊர் நம்முடையது. நவம்பர் மழையில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, சில வாரத்தில் திருப்பி வாங்கி முடிக்கிற வேலையா இது? இவ்வளவு அவசரப்பட்டிருக்கக் கூடாது. சரி, நடந்தது நடந்துவிட்டது. ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. நீ குடியிருப்பது அம்பத்தூரில், அதனால் புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6ஐ அங்கேயே கொடு. பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் அப்பா பெயர் எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று கேட்பார்கள். அதை எடுத்து வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

‘என் ஒரு ஓட்டால் என்னடா ஆகும்’ என்று போன தடவை கேட்டாய். 2019 மறந்துவிட்டதா? காட்பாடிப் பக்கம் சிமெண்ட் குடோனில் 11 கோடிக்கு மேல் பிடிபட்டது. ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யக்கூடியது அப்போது 70 லட்சம்தான். ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது வேலூர் எம்.பி. தேர்தலையே ரத்து செய்தார்கள். பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. நம் ஊரில் சட்டமன்ற இடைத்தேர்தலும் இருந்ததால் ஏப்ரல் 18 அன்று எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் போட்டோம், ஆகஸ்ட் 5 அன்று எம்.பி.க்குத் திரும்பவும் வரிசையில் நின்றோம். கடைசியில் வித்தியாசம் எவ்வளவு? 8,141 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்தால் தொகுதிக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். உன்னைப் போல ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இருந்தவர்கள் நம் தொகுதியில் மட்டும் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், நீயே சொல்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருக்கிறவனெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். அதில் மாட்டுவது யார் தெரியுமா? பொய்கைச் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவன். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் வந்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, மடியில் கட்டியிருக்கும் பணத்தை எண்ணிக் கொடுக்கிற வியாபாரம். அதற்கு எங்கே பில் இருக்கும்? வழியில் பறக்கும் படை நிறுத்தும், பணம் போகும், அதை மீட்க ஆபீஸ் ஆபீஸாக அலைவான். ஓட்டுக்குக் கொடுக்கிற பணம் மட்டும் எப்படியோ வார்டு வாரியாக வந்து சேர்ந்துவிடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது மணி. காமராஜர் முதலமைச்சரான கையோடு 1954 இடைத்தேர்தலில் நிற்கத் தேர்ந்தெடுத்த ஊர் இது. அவரை ஜெயிக்க வைத்தது நம் தாத்தாக்கள் போட்ட ஓட்டு. இன்றைக்கு நம் தெருவில் ‘கவர் வந்துவிட்டதா’ என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள்.

வாங்கிக்கொண்டால் என்ன, பிடித்தவனுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பாய். அப்படிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் வாங்கினவனுக்கு அடுத்த ஐந்து வருடம் வாய் திறக்கக் கூச்சம். இந்தக் கூச்சத்தைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்.

நீ ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் திட்டியே அரை மணி நேரம் பேசினாய். அதில் உன்னோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. அக்காவுக்கு 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. இரண்டு கையும் ஓயாமல் பீடி சுற்றுகிற மனுஷி அவள். அந்தப் பணம் கேஸ் சிலிண்டராகவும் மாமாவின் சுகர் மாத்திரையாகவும் மாறுவதை மாதாமாதம் கண்ணால் பார்க்கிறேன். மாநிலத்துக்குக் கடன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குக் கேட்பதை அக்காவிடமா ஆரம்பிப்பது?

ஸ்மார்ட் சிட்டியில் ஆரம்பி. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி வரை, மாநிலப் பங்கு அதே அளவு என்பது திட்டம். 2016ல் வேலூரைச் சேர்த்தார்கள். 2022ல் அங்கே நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலேயே சிமெண்ட் ரோடு போட்டு, சக்கரம் புதைந்து நின்ற படத்தை நாடே பார்த்தது. சத்துவாச்சாரியில் அடிபம்பைச் சேர்த்துக் கால்வாய் கட்டினார்கள். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமே இல்லை. அந்த வேலைக்கு அளவு எடுத்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், பில் பாஸ் பண்ணியவர் ஒருவர் இருப்பார்கள் அல்லவா? படம் வெளியே வராமல் இருந்திருந்தால் அந்தப் பணமும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும்.

‘போராடுகிறவனெல்லாம் வேலையில்லாதவன்’ என்ற உன் பேச்சையும் இனி விட்டுவிடு. செய்யாறு மேல்மாவில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டபோது விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர்மேல் குண்டர் சட்டம் போட்டது அரசு. நெல் விளைகிற நிலத்தை விட மாட்டேன் என்றவன் குண்டனா? நான் ஓட்டுப் போட்ட கட்சி என்பதற்காக இதில் வாயை மூடிக்கொள்ள மாட்டேன். பாலாற்றுக்காகச் சிலர் கோர்ட் படியேறியதால்தான் 1996ல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று தோல் தொழிற்சாலைகளுக்குச் சொன்னது. ஆறு இன்னும் சரியாகவில்லை. 2025 ஜனவரியில் அதே கோர்ட் மறுபடியும் இழப்பீடு கொடு, ஆற்றைச் சரி செய் என்று சொல்ல வேண்டியிருந்தது. விடாமல் கேட்கிறவர்கள் இருப்பதால்தான் இந்த அளவாவது நடக்கிறது.

நீ யாருக்குப் போடுவாய் என்று கேட்க மாட்டேன். நம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது, அது காலேஜிலேயே தெரிந்த கதை. எனக்கு எதிராகப் போடு. ஆனால் போடு.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? மாட்டுப் பொங்கல் அன்று நம் வாத்தியாரைப் பார்க்கப் போகலாம், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்குள் படிவத்தைக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சேகர்