பழைய டாக்கீஸ் சுவரில் சிமெண்டு பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் டாக்கீஸைப் புதுப்பிக்க மும்பைத் தமிழர்கள் பணம் திரட்டினால், இருக்கையும் திரையும் ஒலிபெருக்கியும்தான் பட்டியலில் முதலில் வருகின்றன. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது கவலையாக இருக்கிறது. கூரையும் சுவரும் சரியாகும்வரை உள்ளே ஒரு நாற்காலிகூடப் போடக் கூடாது.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபட்டு ஓதம் இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்கிற இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டுவிட்டது. பெயிண்டு பொருமி உதிர்வதும் இதனால்தான்.

அந்தச் சிமெண்டைச் சின்ன உளியால் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 18 அங்குலச் சுவர் இரு பக்கமும் காற்றுப் பட்டால் அதில் பாதி, 9 மாதம். திறப்பு விழாத் தேதியை முன்கூட்டியே குறிப்பவர்கள் இந்த 9 மாதத்தில்தான் கை வைக்கிறார்கள்.

பிறகு, நீற்றி ஒரு மாதமாவது தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் 3 பங்கு கலந்து புதுப் பூச்சு பூச வேண்டும். ஒரு தடவைக்கு அரை அங்குலக் கனத்துக்கு மேல் பூசக் கூடாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அதற்கு ஈரம் தேவை. சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும். மேலே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் பெயிண்டு வேண்டவே வேண்டாம்.

கூரைத் தேக்கு உத்திரம் பெரும்பாலும் சுவருக்குள் போகும் முனையில்தான் உளுத்துப்போகும். திருப்புளியால் குத்தினால் தெரிந்துவிடும். முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டி, புதுத் தேக்கை இணைத்து, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட்டால் இறுக்கலாம். முனையைச் சுற்றி விரல் அளவு காற்றோட்டம் விடுங்கள். கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்த பிறகே எடுக்க வேண்டும். கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

படம் ஓட்டும் ஆபரேட்டர் ரூமில், பழைய புரொஜக்டரின் கார்பன் விளக்குப் புகைக்கு வைத்த குழாய் மேலே திறந்தே கிடந்தால் மழை நேராக உள்ளே இறங்கும், அதற்கு மூடி போடுங்கள். புரொஜக்டர் துவாரங்களில் இரும்புக் கதவு இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம் காலத்துப் பாதுகாப்பு அது.

இடித்துக் கட்டுவதுதான் லாபம் என்பவர்கள் இங்கே மும்பையிலேயே ராயல் ஓப்பரா ஹவுஸ் என்ற பழைய அரங்கைப் போய்ப் பார்க்கட்டும். 1993-ல் மூடிய அரங்கு புதுப்பிக்கப்பட்டு 2016-ல் திறந்தது, அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் பெற்றது.

ஊர்ச் சங்கத்தார் மதிப்பீடு வாங்கும்போது கூரை, மழைநீர் வடிகால், சுண்ணாம்பு வேலை மூன்றுக்கும் தனித்தனித் தொகை எழுதி வாங்க வேண்டும். ‘சுவர் ரிப்பேர்’ என்று ஒரே வரியில் இருந்தால் சிமெண்டு மூட்டைதான் வந்து இறங்கும்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பணியாளர்கள் சிலர்,
மாட்டுங்கா, மும்பை