விளக்கை அணைக்கச் சொன்ன இரவு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டாயா என்ற ஒரே கேள்வியைக் கடந்த மூன்று வாரங்களில் உன்னிடம் ஐந்து முறை கேட்டுவிட்டேன். நான்கு முறை பேச்சை மாற்றினாய், ஐந்தாவது முறை, "நான் என்ன கைக்குழந்தையா, இந்த வயதில் தடுப்பூசி போட?" என்று ஒரு வரி அனுப்பினாய். அதன் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் பேசினால் நான் குரலை உயர்த்திவிடுவேன் என்று உன் அம்மா சொல்வதால் எழுதுகிறேன்.

கைக்குழந்தைகளுக்கு அடுத்தபடியாக இந்த நோய் அதிகம் தாக்குவது உன் வயதினரைத்தான். மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வில் ஏற்படும் அழற்சியை நம் வீட்டில் எல்லோரும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரில் வேறு நோய்களும் அடங்கும் என்பதால், நான் சொல்வது மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது என்று தெளிவாக்கிவிடுகிறேன். நலமாக நடமாடுபவர்களிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவர், தமக்கே தெரியாமல், இந்தக் கிருமியை மூக்கிலும் தொண்டையிலும் சுமந்துகொண்டிருக்கிறார். 18, 19 வயதில் இந்த விகிதம் இன்னும் கூடுதல். பெரும்பாலோரை அது ஒன்றும் செய்வதில்லை. யாரோ ஒருவருக்கு மட்டும் இரத்தத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு சில வேளைகளில் ஒரு முழு நாள்கூட அவகாசம் தருவதில்லை. சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

ஹஜ் பயணிகள் இந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. பல நாடுகளில் படையில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் பயிற்சி முகாமிலேயே இதைப் போட்டுவிடுகிறார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படும்படி ஒரே கூரையின்கீழ் உறங்கும் இடம் அது. உன் விடுதி அறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, மூன்று கட்டில்களுக்கும் இடையே ஒரு நாற்காலி நுழையாத அறை, அதை நான் வேறு எப்படிப் பார்ப்பது? இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. பிரிட்டனில் டபிள்யூ என்ற வகை பெருகியபோது, 2015-இல், பதின்பருவத்தினரோடு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களையும் அழைத்து ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கும் சேர்ந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். அவர்களில் எவரும் கைக்குழந்தை அல்லர்.

அந்த நான்கில் பி வகை இல்லை என்பதைக் கவனித்தாயா? அதற்குத் தனி ஊசி. 2013-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரவியது அந்த வகைதான். அப்போது அந்த நாட்டில் அதற்கான ஊசிக்கு உரிமம்கூட இல்லை. சிறப்பு அனுமதி பெற்று வெளிநாட்டிலிருந்து தருவித்து, டிசம்பரில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோருக்குப் போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனால் 2014 மார்ச்சில் வேறொரு பல்கலைக்கழகத்து மாணவி இறந்தாள். பிரின்ஸ்டன் மாணவர்களோடு பழகியிருந்தவள், பி வகை ஊசி போடாதவள், அதே கிருமி. நண்பர்கள் போட்டுக்கொண்டார்கள், அது போதும் என்று நீ சொல்லக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். போட்டுக்கொள்.

இனி எழுதுவதை நீ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கிருமி காற்றில் நெடுந்தூரம் போவதில்லை, உடலுக்கு வெளியே நெடுநேரம் பிழைப்பதுமில்லை. இருமல், எச்சில், முத்தம் என்று நெருக்கத்தில்தான் தொற்றுகிறது. நீ யாரோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னாள், நான் மறுத்துவிட்டேன். ஆனால் உன்னோடு இருக்கும் யாருக்காவது இந்த நோய் வந்தால், அவரோடு நெருங்கியிருந்தவர்கள் யார் யார் என்று மருத்துவர்கள் விசாரித்து, உடனே தடுப்பு மருந்தாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். அப்போது கூச்சப்பட்டு ஒரு பெயரைக்கூட மறைத்துவிடாதே. அவர்களிடம் சொன்னால் போதும். எங்களிடம் சொல்ல வேண்டும் என்பதில்லை.

விடுதியில் சேருவதற்கான அத்தனை படிவங்களையும் நீயே நிரப்பி, நீயே அனுப்பி, என்னை ஒரு முறைகூட அலையவிடாமல் சேர்ந்தாய். அதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் நிரப்ப வேண்டிய மருத்துவப் பக்கம் ஒன்று மட்டும் என்னிடம் வந்தது. அதில் இந்தத் தடுப்பூசியின் பெயர் அச்சிட்டிருந்தது. எதிரே 'போடப்பட்டது', 'பிறகு போடப்படும்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். விசாரிக்கவில்லை, உன்னிடம் சொல்லவும் இல்லை. எனவே மூன்று வாரங்களாக உன்னைக் கடிந்துகொள்வது, உண்மையில் நான் செய்யாமல் விட்ட வேலைக்காக.

அந்தப் பெயரைப் படிக்க எனக்கு மனமில்லை. சித்தப்பாவின் காது போனதற்கு மருந்தின் சூடுதான் காரணம் என்று பாட்டி சொல்வதை நீ எத்தனையோ முறை கேட்டிருப்பாய்; நானும் பக்கத்தில் இருந்து திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து அல்ல, இந்த நோய்தான். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒன்றை விட்டுச் செல்கிறது.

அப்போது அவனுக்கு வயது 18, எனக்கு 21. இருவருக்கும் ஒரே அறை. மறுநாள் காலை எனக்குத் தேர்வு. மாலையிலிருந்தே அவனுக்குக் காய்ச்சலும் தலைவலியும் இருந்தன. இரண்டு முறை வாந்தியும் எடுத்திருந்தான். பத்து மணி வாக்கில், "அண்ணா, விளக்கை அணைத்துவிடு, கண் கூசுகிறது" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படு என்றேன். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். எரிச்சலாக ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. மூன்றாவது முறை அவன் கேட்கவில்லை. தூங்கிவிட்டான் என்று நிம்மதியாகப் படித்தேன். விடியற்காலையில் எழுப்பியபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தலையைத் தூக்கிவிடப் பார்த்தேன். கழுத்து வளையாமல், தலையும் தோளும் ஒரு பலகையைப் போல ஒன்றாக எழுந்தன. சில மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோயிருந்தால் காது மிஞ்சியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. யாரையும் நான் கேட்டதும் இல்லை.

ஆகவே கேள். காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, வெளிச்சம் பொறுக்காமை, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, சில்லிட்ட கைகால் இவற்றில் சில சேர்ந்து வந்தாலே போதும், எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டை அவற்றின்மேல் அழுத்து. அழுத்தியும் மறையவில்லையென்றால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம்முடையது போன்ற நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம் ஆகியவற்றைப் பார். புள்ளியே இல்லாமலும் இந்த நோய் வரும். இது உனக்காக மட்டுமல்ல, பக்கத்துக் கட்டில்களில் படுத்திருக்கும் பெண்களுக்காகவும்.

இந்த வாரமே உங்கள் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போ. முன்பு இதைப் போட்டிருக்கிறாயா என்று கேட்பார்கள்; இல்லை என்று சொல். உனக்கு பி வகை ஊசியும் தேவையா என்று நீயே கேள். அது ஒரு தவணையோடு முடிவதில்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் இருக்கலாம். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுபவள் நீ என்பதால், போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழு. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். தேர்வு முடியட்டும் என்று தள்ளாதே. தேர்வைக் காரணம் காட்டுவதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இதை உறையில் போடும் முன் சித்தப்பாவிடம் காட்டினேன். விளக்கைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை இரண்டு முறை படித்தான். பிறகு என் பேனாவை வாங்கி, "அண்ணா, உன் கையெழுத்து அவளுக்குப் புரியாது, ஊசியின் பெயரைக் கொட்டை எழுத்தில் இன்னொரு தடவை எழுது" என்று உறையின்மேல் எழுதிக் கொடுத்தான். எழுதுகிறேன்: மெனிங்கோகாக்கல் தடுப்பூசி, ஏ, சி, டபிள்யூ, ஒய். தனியாக, பி.

அன்புடன்,
அப்பா