துணைவேந்தர்களே, சின்னப் பட்டறைக்கும் ஒரு வாசல் வைங்க

தொழில் நகரங்கள்ல இருக்கிற அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களோட துணைவேந்தர்களுக்கும் செனட், சிண்டிகேட் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் பட்டறைப் பக்கத்து ஆள். பத்து இருபது பேர் வேலை செய்யற ஒரு யூனிட்ல பிரச்சினைன்னா நேரா வந்து கேட்க உங்க கேம்பஸ்ல ஒரு இடம் வேணும், அங்க பதில் சொல்ற பொறுப்போட ஒரு ஆள் உட்காரணும், இதைக் கேட்கத்தான் எழுதறேன்.

எதுக்குன்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஹை டென்சைல் போல்ட்டுக்கு, அதாவது அதிக இழுவிசை தாங்கற ஸ்டீல் போல்ட்டுக்கு, துருப்பிடிக்காம இருக்க ஜிங்க் பிளேட்டிங், அதாவது துத்தநாகப் பூச்சு, போடறோம். முன்னாடி ஆசிட்ல முக்கும்போதும் சரி, பிளேட்டிங் தொட்டியிலயும் சரி, ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள ஏறி அதை நொறுங்கற மாதிரி ஆக்கிடும். போல்ட் பளபளன்னு இருக்கும், ஹார்ட்னஸ் டெஸ்ட்லயும் தேறிடும், ஆனா டைட் பண்ணி சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு தலை தனியா கழண்டு வந்துரும். கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவார், இங்க ஸ்டீல் சப்ளையரைத் திட்டுவாங்க, ஹீட் ட்ரீட்மென்ட்காரரைத் திட்டுவாங்க, காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடாது. பிளேட்டிங் முடிஞ்சு சில மணி நேரத்துக்குள்ள ஓவன்ல 200 டிகிரி செல்சியஸ் பக்கத்துல பல மணி நேரம் வெச்சு எடுத்தா அந்த ஆபத்து பெருமளவு குறைஞ்சிரும். இது உங்க மெட்டலர்ஜி (உலோகவியல்) பசங்க படிக்கிற பாடத்துலயே இருக்கு. உடைஞ்ச முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தா கிரெயின் எல்லை, அதாவது உலோகத்துக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டிப் படிகங்கள் சேர்ற கோடு, வழியா பிளந்திருக்கான்னு தெரிஞ்சிரும், சந்தேகம் பாதி தீர்ந்துரும். அந்த மைக்ராஸ்கோப் பொதுப்பணத்துல வாங்கினது, ஒரு மதில் தள்ளிதான் இருக்கு, ஆனா யாரைக் கேட்கணும், எந்த ஃபார்ம், எத்தனை கையெழுத்துன்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. பெரிய கம்பெனிக்கு எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) இருக்கு, தனி சென்டர் இருக்கு, போட்டோவோட விழா நடக்குது. அது நடக்கட்டும், வேணாம்னு சொல்லல.

"நாங்க ஆராய்ச்சி நிறுவனம், டெஸ்டிங் லேப் இல்ல"ன்னு பதில் வரும்னு தெரியும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அப்படிச் சொல்லல. 1854ல பிரான்ஸ்ல லில் நகரத்துல புதுசா தொடங்கின அறிவியல் பிரிவுக்கு டீனா போனார், அது ஆலைகள் நிறைஞ்ச ஊரு. 1856ல பீட்ரூட்ல ஆல்கஹால் காய்ச்சற ஒரு முதலாளி, பையன் பாஸ்டர்கிட்ட படிச்சிட்டிருந்த பழக்கத்துல, தொட்டியில சரக்கு கெட்டுப்போகுது சார்னு வந்து நின்னார். பாஸ்டர் ஆலைக்கே போனார், சாம்பிள் எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தார். அடுத்த வருஷமே லாக்டிக் நொதித்தல் (பால் புளிக்கிற மாதிரி நடக்கற மாற்றம்) பத்தின அவரோட கட்டுரை வந்துச்சு, நுண்ணுயிர்தான் இதையெல்லாம் பண்ணுதுங்கிற பெரிய ஆராய்ச்சிக்கு அதுதான் வழி திறந்துச்சு. ஒரு ஆலைக்காரரோட தொட்டியில இருந்து வந்த கேள்வி அது! அமெரிக்காவுல டயர் கம்பெனிகளோட ஊரான ஆக்ரன்லயும் அப்படித்தான், 1909லயே ரப்பர் வேதியியலைப் பாடமா வெச்ச காலேஜ் பின்னாடி அரசுப் பல்கலைக்கழகம் ஆச்சு, இன்னிக்கு பாலிமர்னா உலகமே அந்தப் பேரைச் சொல்லுது.

இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 1905ல வர்றதுக்கு முன்னாடி ஸ்டீல் ஆலைத் தொழிலாளிங்க, சாதாரண ஜனங்க எல்லாம் பென்னி பென்னியா நன்கொடை கொடுத்திருக்காங்க, 50,000 பவுண்டுக்கு மேல சேர்ந்துச்சு. உள்ளூர்த் தொழிலுக்கு உதவும், தொழிலாளி பிள்ளைக்கும் உயர்கல்வி எட்டும்னு சொல்லித்தான் அந்தக் காசையே கேட்டாங்க. உங்க பல்கலைக்கழகத்துக்கு நாங்க வரியா கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க பேராசிரியர்களை நான் குறை சொல்லல. பட்டறைக்கு வந்து நாலு நாள் நின்னு ஒரு போல்ட் பிரச்சினையைத் தீர்த்தா அவங்க புரமோஷனுக்குப் பெருசா புள்ளி ஏறாது, அதே நாலு நாள் பேப்பர் எழுதினா ஏறும். அப்புறம் யார் வருவாங்க? மாத்த வேண்டியது இந்தக் கணக்கைத்தான், அது உங்க கையில இருக்கு. விவசாயத்துக்கு இதை எப்பவோ பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல 1914லயே பல்கலைக்கழகத்து ஆள் பண்ணைக்குப் போய்ச் சொல்லித்தர சட்டம் போட்டாங்க. பட்டறைக்கும் அந்த மாதிரி ஒரு ஆள் வரக் கூடாதா?

எங்க பக்கமும் மாறணும், அதையும் சொல்லிடறேன். ஸ்டூடன்ட் புராஜெக்டுக்கு வந்தா கேட்லயே நிறுத்தறது, தொழில் ரகசியம்னு சாம்பிள் கூட தராம இருக்கறது, இதெல்லாம் முதலாளிங்க விடணும். பேரை மறைச்சு ரிசல்ட்டை வெளியிட ஒத்துக்கணும், அப்போதான் ஒருத்தர் பட்ட நஷ்டம் அடுத்த யூனிட்டுக்குப் பாடமாகும்.

அடுத்த செனட் கூட்ட அஜெண்டாவுல மூணு விஷயத்தைச் சேருங்க: வாரத்துல என்னிக்கு எந்த ரூம்ல யாரு உட்காருவாங்க, சின்ன யூனிட்டுக்கு டெஸ்ட் கட்டணம் எவ்வளவு, இந்த வேலைக்கு புரமோஷன்ல எத்தனை புள்ளி. முடிவானதை மெயின் கேட்ல பெருசா எழுதி ஒட்டுங்க, சாம்பிளோட நாங்க வர்றோம்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்துல இருந்து ஒரு பட்டறைக்காரன்