போனைக் கொடுத்தவருக்கும் ரசீது வேண்டும்

ஐயா,

திருடுபோன கைபேசிகளை மும்பை போலீசார் மீட்டு உரியவர்களிடம் ஒப்படைத்த செய்தியைப் படித்தேன். நல்ல காரியம்தான். சோதனை வாரன்ட் கேட்கும் அளவுக்கு ஆதாரம் இல்லாதபோதும் இது நடக்கிறது. தொலைந்த போன்களைக் கண்டறிய மத்திய அரசு நடத்தும் சி.இ.ஐ.ஆர். தளத்தில், போனுக்குரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்துவிட்டால், யாராவது அதில் புது சிம் போட்டதும் போலீசாருக்குத் தகவல் வரும். அந்த சிம்மின் எண்ணுக்குப் பேசி, போனைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

சரி, கொண்டுவருபவர் எல்லாம் திருடரா? பழைய போன் வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி அப்படித்தான் போய்க் கொடுத்தான். போலீசார் துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. விற்ற கடைக்காரரோ, "எழுத்தில் ஏதாவது காட்டு, பணம் தருகிறேன்" என்கிறார். திருட்டுப் பொருள் என்று சந்தேகித்தால் கைப்பற்றலாம், மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு. கூடவே, கொடுத்தவருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண் குறித்த ரசீது தருவதைக் காவல்துறை கட்டாயமாக்கலாம்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை