லண்டன் வேன் வீடு: டிசம்பரைக் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை கட்டுப்படியாகாமல் லண்டனில் வேனையே வீடாக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் அதில் ஒரு வரி ஆபத்தானது. "குளிர்காற்று நுழையாதபடி தரையில் உள்ள துளைகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தயவுசெய்து இதற்குத் திருத்தம் வெளியிடுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படிந்து தேங்கும். அது வெளியே போகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை விடுகிறார்கள். அந்தப் பெட்டி படுக்கும் பகுதியோடு தொடர்பில்லாமல் முற்றாக அடைபட்டும், அடிப்பக்கம் மட்டும் வெளியே திறந்தும் இருக்க வேண்டும். துளையை மூடிவிட்டால் தேங்கிய வாயு பற்றிக்கொள்ள ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது எழும் சிறு பொறியே போதும். காற்றோட்டம் இல்லாமல் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது. அதைக் கண்டு எச்சரிக்க வீட்டுக்கு வாங்கும் அலாரம் இங்கே சரிப்படாது. ஓடும் வண்டிகளுக்கும் படகுகளுக்குமான இ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டுரையின் மற்றக் கணக்குகள் எல்லாம் கோடைகாலக் கணக்குகள். ஜூனில் இந்த ஊரில் எந்த வேனிலும் இருக்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேனைக் கட்டும்போது அந்த மாதத்தைத்தான் மனத்தில் வைக்க வேண்டும்.

மின்சாரத்தையே பாருங்கள். கூரைமேல் படுக்கையாக வைத்த 200 வாட் சோலார் தகடு ஜூனில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 வாட்-மணி கொடுக்கும். டிசம்பரில் அது 100ஐத் தொடுவதே கஷ்டம். தேவையோ குறைவதில்லை: ஃபிரிட்ஜுக்கு 250, இரவெல்லாம் ஓடும் ஹீட்டருக்கு 150, மாலையில் மூன்று மணி நேரம் லேப்டாப்புக்கு 150, விளக்கு, தண்ணீர் பம்பு, போன் எல்லாம் சேர்த்து 50. ஆக நாளொன்றுக்கு 600 வாட்-மணி. 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி நிறைந்திருந்தால் நான்கு நாள் ஓட்டலாம், ஐந்தாம் நாள் இருட்டு. எனவே வாரம் இருமுறையாவது மின்இணைப்புள்ள முகாமிடத்தில் நிறுத்த வேண்டும், அல்லது நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். தெரு மாற்றி நிறுத்துவதற்காக ஓட்டும் பத்து நிமிடத்தில் பேட்டரி ஏறாது.

ஓட்டும்போது ஏற்றுவதிலும் ஒரு சிக்கல். பழைய வேன்களில் எஞ்சின் பேட்டரியையும், உள்ளே வாழ்வதற்கு மின்சாரம் தரும் வீட்டு பேட்டரியையும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இணைத்துவிடும், வேலை முடிந்தது. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்கான புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி). எரிபொருளை மிச்சப்படுத்த அது தன் மின்னழுத்தத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். அப்போது ரிலே மூடியிருந்தாலும் வீட்டு பேட்டரி நிறையாது. இதற்கு, வருகிற மின்னழுத்தத்தை வீட்டு பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி. 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்குச் சுமார் 400 வாட்-மணி ஏற்றும். வயரின் குறுக்குவெட்டு 10 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, தூரம் அதிகமென்றால் 16. இரண்டு பேட்டரிகளிடத்தும் ஒவ்வொரு ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் மறுமுனையில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது தடுக்க ஆளில்லை. பேட்டரியை இருக்கைக்கு அடியில் வெளிக்குளிர் படும் இடத்தில் வைக்காதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறினால் லித்தியம் செல் நிரந்தரமாகக் கெடும்.

கட்டுரை தொடாத பெரிய விஷயம் ஈரம். வேன் வாழ்க்கையைக் குளிர் முறிப்பதைவிட ஈரம் முறிப்பதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஒருவர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக வரும். நம்மவர்கள் சோறு வடித்து, ரசம் கொதிக்கவைத்தால் அதற்கு மேலும் சேரும். இத்தனையும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராக வழிந்து, பலகைக்குப் பின்னால் இறங்கி, மெத்தையின் அடியில் பூஞ்சணமாகும். துருவும் அங்கேதான் தொடங்கும். ஆகவே சுவரின் குளிர்காப்புக்குத் தகரத்தோடு இடைவெளியின்றி ஒட்டும், துளைகள் மூடியிருப்பதால் ஈரம் புகாத ரப்பர் நுரைதான் நல்லது, 19 அல்லது 25 மில்லிமீட்டர் கனத்தில். கண்ணாடிப் பஞ்சைத் திணித்தால் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பலர் தட்டையான இடங்களில் மட்டும் ஒட்டிவிட்டு தகரத்தைத் தாங்கும் இரும்பு விலாக்களை விட்டுவிடுகிறார்கள். வியர்ப்பது அந்த விலாக்கள்தான். மெத்தைக்கு அடியில் பலகைச் சட்டங்களுக்கு இடையே காற்று போக வேண்டும். கூரை விசிறியைக் குளிர்காலத்திலும் மிக மெதுவாக ஓடவிடுங்கள், வெப்பம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. சோற்றைப் பிரஷர் குக்கரில் வைத்தால் ஆவி வெகுவாகக் குறையும்.

சூடாக்குவதற்கு டீசல் ஹீட்டரே பொருத்தம், அதன் எரிபுகை அத்தனையும் குழாய் வழியே வெளியே போய்விடுவதால் உள்ளே ஈரம் சேராது. நடுத்தர வேனுக்கு 2 கிலோவாட் போதும். விலை குறைவென்று 5 கிலோவாட்டை வாங்குகிறவர்கள் அதை எப்போதும் மிகக் குறைந்த நிலையில் ஓட்ட வேண்டியிருக்கும். எரிப்பறையில் கரி படிந்து, ஒருநாள் பற்றவே பற்றாது. வாரம் ஒருமுறை இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்துபோகும். பற்றும்போது சில நிமிடங்களுக்கு 10 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் மின்னழுத்தம் சரிந்து பிழை எண் காட்டி நின்றுவிடும். அணைக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்காமல் அது தானே குளிர்ந்து நிற்க விடுங்கள். புகைக்குழாயின் இணைப்பு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. எரிபொருள் பம்பை ரப்பர் பிடியில் தொங்கவிடுங்கள். தகரத்தில் நேரே முடுக்கினால் இரவில் அதன் டிக் டிக் சத்தம் தெருவுக்கே கேட்கும், மறுநாள் புகார் வரும்.

வேன் வாங்கும் முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். லண்டனின் யூலெஸ் புகைக்கட்டுப்பாட்டு மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்துவிட்டது. யூரோ 6க்குக் கீழான டீசல் வேனை ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணம். நகர்த்தாமல் நிறுத்தியிருக்கும் நாளுக்கு இல்லை. அடுத்தது எடை. சாதாரண பி வகை உரிமத்துக்கு டீசல் வேனின் வரம்பு 3,500 கிலோ. மரவேலை, பேட்டரி, 70 லிட்டர் தண்ணீர், நீங்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டுகிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். தாண்டினால் அபராதத்தோடு காப்பீடும் கேள்விக்குறியாகும்.

வேனில் உறங்குவது மட்டுமே இங்கிலாந்தில் குற்றமாகாது. ஆனால் அந்தந்தத் தெருவின் நிறுத்த விதிகளும் நகராட்சித் தடை ஆணைகளும் செல்லும், பலகையை நின்று படிக்க வேண்டும். பிரிஸ்டல் நகராட்சி வேன்வாசிகளுக்குத் தற்காலிக இடங்கள் ஒதுக்கியதுபோல லண்டன் வட்டாரங்களும் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மது விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஐந்தாம் பிரிவின்படி, அளவுக்கு மேல் குடித்த நிலையில் பொது இடத்தில் வாகனத்தின் பொறுப்பில் இருப்பதே குற்றம், ஓட்ட வேண்டும் என்பதில்லை. ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது வேனில் படுத்திருப்பவரின் பொறுப்பு. குடிக்கும் எண்ணம் இருந்தால் அன்று இரவு வேறிடத்தில் தங்குவதே பாதுகாப்பு.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கிழக்கு லண்டன்