குழாய் முனையில் இருந்த மரமுளை

லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா,
ஜூலை 21

அன்புள்ள சரோஜா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் எழுதாமல் இருந்தது என் குற்றம்தான். அம்மா நலமாக இருக்கிறார்கள். உன் தம்பி மகளின் நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்தேன். அந்தப் பெண் அச்சு அசல் உன் ஆயாவேதான். மற்றச் செய்திகள் அடுத்த கடிதத்தில். இப்போது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் அண்ணா சிரித்தே பேச்சை மாற்றிவிடுவார் என்பதால் எழுத்திலேயே வைக்கிறேன். நீ படித்த பிறகு அவரிடமும் கொடு.

இம்மாதம் 9-ஆம் தேதி இரவு இரண்டு மணிக்குக் கூரையில் மழை பெய்வதுபோலச் சத்தம் கேட்டு விழித்தேன். ஜூலைக் குளிர்காலத்தில் இந்த மேட்டுநிலத்தில் மழை ஏது என்று உறைப்பதற்குள், நடைக்கூடத்துச் சீலிங் பலகை பானை வயிறுபோலத் தொங்கி, ஆணிகளோடு பெயர்ந்து விழுந்தது. மேலே இருந்த 150 லிட்டர் கீசர் உடைந்திருந்தது. உள்ளே இருந்த வெந்நீர் கொட்டி முடிந்தாலும் குழாயில் வரும் தண்ணீர் நிற்காதல்லவா; இருட்டில் செருப்பில்லாமல் முற்றத்துக்கு ஓடி மெயின் வால்வை அடைக்கும்வரை அது கொட்டிக்கொண்டேதான் இருந்தது. அம்மாவின் கட்டில் இருந்த அறைக்கும் பலகை விழுந்த இடத்துக்கும் நடுவே நான்கு அடிதான் இருக்கும். தினமும் அதே நேரத்துக்குத்தான் அம்மா எழுந்து அந்த வழியாகக் குளியலறைக்குப் போவார்கள்.

இங்கே பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் என்னிடம் அடம்பிடித்தவள் நீ. டர்பனில் இருந்துகொண்டு குளிருக்கு ஆசைப்படுவது எளிது! லண்டனில் மகள் வீட்டில் ஒரு பாய்லர் எல்லா அறைகளையும் சூடாக்குகிறது. நம் வீடுகளில் சுவருக்கும் தரைக்கும் சூடு கொடுக்க எதுவும் கிடையாது. இந்தக் குளிருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அந்தக் கீசர்தான். எட்டு நாட்கள் அதுவும் இல்லை. அடுப்பில் இரண்டு பெரிய குண்டான்களில் நீர் காய்ச்சி வாளியில் விளாவி வைப்பேன். அம்மா சொம்பை எடுத்து முதல் நீரைத் தம் பாதங்களில் ஊற்றி, அந்தச் சூடு மேலே ஏறும்வரை கண்ணை மூடி நிற்பார்கள். பிறகுதான் தோளில் ஊற்றுவார்கள். டோங்காட் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் விறகடுப்பு வைத்துக் குளித்த பழக்கமாம். 86 வயதில் அதை மறுபடி செய்யவைத்தோமே என்று எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தோடு நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது, விட்டுவிடுகிறேன். அவர்கள் அனுப்பிய பிளம்பர் பொறுமையான பையன். கூரைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வீட்டின் பின்புறம் போனவன், திரும்பி வந்து உள்ளங்கையை என் முன் விரித்தான். துணி சுற்றிய ஒரு மரமுளை, என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. சுவருக்கு வெளியே நீண்டிருந்த செம்புக் குழாயின் வாயில் அது அடித்து இறக்கப்பட்டிருந்தது. குழாய் சொட்டிச் சொட்டிச் சுவரில் பாசி பிடிக்கிறது என்று நான் குறைபட்டபோது, எப்போதோ வந்த ஒரு கைவேலைக்காரர் செய்த உபகாரம் அது. நானே காசு கொடுத்து நன்றியும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பையன் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், கவனமாகக் கேள். நீர் சூடானால் பெருக்கும். 150 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் இரண்டு லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்த அதிகப்படி நீர் வெளியேறத்தான் வால்வும் குழாயும் இருக்கின்றன. சூடேறும் நேரத்தில் குழாய் சிறிது சொட்டுவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வாயை அடைத்துவிட்டால் தினமும் அந்த அழுத்தத்தைத் தொட்டியின் பற்றவைத்த இணைப்புத்தான் தாங்க வேண்டும். எங்கள் வீட்டில் துருப்பிடித்த அந்த இணைப்பு ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிட்டது. அதுகூட நல்ல காலம் என்றான். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி மின்சாரம் நிற்காமல் ஓடியிருந்தால் நீர் கொதிநிலையையும் தாண்டிச் சூடேறியிருக்கும். அந்நிலையில் தொட்டி பிளந்தால் நீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகிவிடும், ஆவியாக மாறும் ஒவ்வொரு லிட்டரும் 1,600 மடங்குக்கு மேல் விரியும். கூரையே பறந்திருக்கும்.

சரோஜா, போன தீபாவளிக்கு நான் உன் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கப் போனபோது, குளியலறை ஜன்னலுக்குக் கீழே இருந்த குழாயைக் காட்டி, "சொட்டு நின்றுவிட்டது பார்" என்று அண்ணா பெருமையாகச் சொன்னார். முனையில் தக்கையும் அதன்மேல் கறுப்பு டேப்பும் இருந்தன. சாமர்த்தியம் என்று நானும் பாராட்டினேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் உன் பேரன் தூங்கும் தொட்டில் இருக்கிறது.

இதைப் படித்ததும் மின்பலகையில் கீசர் சுவிட்சை அணைத்துவிடு. அண்ணா தாமே ஏணி போட்டுத் தக்கையைப் பிடுங்க வேண்டாம். அடைபட்ட சுடுநீர் முகத்தில் பீச்சும். நீர் நன்றாக ஆறட்டும். முறையாகப் பதிவுபெற்ற பிளம்பரை அழைத்து வால்வுகள், தெர்மோஸ்டாட், கீழே கசிவைப் பிடிக்கும் தட்டு, தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி எல்லாவற்றையும் பார்க்கச் சொல். அந்தக் கம்பிதான் தொட்டிக்குப் பதிலாக அரிபட்டுத் தீர்ந்துபோவது. தீர்ந்த பிறகு துரு தொட்டியைத் தின்னத் தொடங்கும். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் மாற்றியதே இல்லை.

புதுக் கீசர் 17-ஆம் தேதி மாட்டினார்கள். வெளியே குழாய் சொட்டுகிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். ஆடிக் கூழுக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் இங்கே வருகிறார்கள், விடியற்காலையில் அம்மா வெந்நீரில் தலை முழுகிவிட்டுத்தான் பானையைத் தொடுவார்களாம். அதற்கு முன் உன் வீட்டு டேப் அவிழ்ந்துவிட்டது என்ற செய்தி எனக்கு வந்துவிட வேண்டும். பிளம்பர் கிளம்பிய உடனே கூப்பிடு, நடு இரவானாலும் சரி.

அன்புடன்,
உன் தேவகி