களிம்பு எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பால் தோல் கெட்டு வருவோருக்கு மருந்து எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எங்கள் தொழிலில் பலர் இருந்துவிடுகிறார்கள். அதே களிம்பு மறுநாளும் விற்பனையாகிறது.

இத்தகைய களிம்புகளில் சேர்க்கப்படும் வெளுப்பு வேதிப்பொருளான ஹைட்ரோகுவினோனை நாள்பட்டுப் பூசினால் கன்ன எலும்பின் மேல் நீலம் பாய்ந்த கருமை படியும். கேழ்வரகைத் தூவியது போலச் சொரசொரக்கும். கறுத்துவிட்டதே என்று இன்னும் அதிகமாகப் பூசுவார்கள், கருமை மேலும் ஏறும். தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லேயும் சக மருத்துவர்களும் இதை 1975இலேயே ஆய்விதழில் எழுதினார்கள். அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடுக்கும் விதிகள் வந்தது 1990இல். தோல் மருத்துவர்களும் நிறவெறி எதிர்ப்பாளர்களும் விடாமல் குரல் கொடுத்துத்தான் அதுவும் வந்தது.

இன்று டர்பனில் கள்ளத்தனமாகக் கைமாறும் களிம்புக் குழாய்கள் பலவற்றில் 0.05% க்ளோபெட்டசால் இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு அது. வாரம் 50 கிராமுக்கு மேல், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. முகத்துக்கு அறவே ஆகாது. ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் முதலில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். ஆகவே நாள்பட்டுப் பூசியவர்களை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் நிறுத்த வைக்க வேண்டும். பாதரசம் கலந்திருந்தால் சிறுநீரகம் கெடும். சிறுநீர் நுரைக்கிறதா, கால் வீங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என்ன பூசுகிறீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டால், "சோப்பு மட்டும்தான், டாக்டர்" என்பார்கள். கடிந்துகொண்டால் அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் இருப்போரே, குழாயை அட்டைப்பெட்டியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தொகுதி எண், கடை, வாங்கிய தேதி மூன்றையும் குறித்து, படம் எடுத்து, மெட் சேஃப்டி செயலி வழியாக மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவுக்கு அனுப்புங்கள். நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை. விற்றது மருந்துக்கடை என்றால் மருந்தாளர் மன்றத்துக்கும் எழுத வேண்டும். அங்கே வேலை செய்பவரே முறைப்படி புகார் தந்தால், பழிவாங்கலிலிருந்து அவரைக் காக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். கோயிலில் பார்ப்பவர், கல்யாணத்துக்கு அழைப்பவர். அந்தத் தயக்கம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் கெட்டுப்போவதும் நம் வீட்டுப் பெண்களின் முகம்தானே?

தங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். தோலை வெளுக்கச் செய்யும் என்று அழகுசாதன விளம்பரம் சொல்வதையும் அந்த 1990 விதிகள் தடுத்தன. அத்தகைய விளம்பரம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்களும் மருந்தாளர்களும் சிலர்,
டர்பன்